செவ்வாய்க்கிழமையில் தங்கியவர்கள்

தேர்தல் நடந்த செவ்வாய்க்கிழமை மாலை, மலைமேல் இருந்த அந்த ஊரில் ஜெயித்தவர்களுக்கு மட்டும் பொழுது சாய்ந்தது. தோற்றவர்களுக்குச் சாயவில்லை. அவர்கள் மேல் பின்மதிய வெயில் விழுந்தது விழுந்தபடியே நின்றது. மழைக்காலம் முடியப் போகும்வரை நின்றது. ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம், வெயில் நின்றதல்ல, பாதிப் பேருக்கு மட்டும் நின்றதுதான். பேச்சு முடியாமல் பொழுது சாயாது என்பது அந்த இனத்தாருக்குப் பரம்பரை பரம்பரையாகப் பழகிப்போன சங்கதி.

அவர்கள் சமவெளியிலிருந்து வந்தவர்கள். அடுப்புப் புகைக்கு வரி போட்ட ஓர் அரசனுக்குத் தப்பி, ஏழு குடும்பங்கள் சட்டி பானையோடு மலையேறின. யார் வீடு எங்கே என்று வந்த அன்றே சண்டை மூண்டது. மேற்கு முகட்டைத் தொடப்போன சூரியன், பேசி முடிக்கட்டும் என்பதுபோல அங்கேயே நின்றுகொண்டது. கடைசிக் குடும்பமும் சரி என்று தலையாட்டியதும் பொத்தென்று இருட்டியது. சில ஊரில் கொசு அதிகம், சில ஊரில் பனி அதிகம், இந்த ஊரில் வெயிலுக்குப் பொறுமை அதிகம் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் வீடு கட்டத் தொடங்கினார்கள். அதன்பின் எதுவானாலும் ஊர் நடுவே இருந்த தட்டைப் பாறையில் கூடினார்கள். ஆண், பெண், பால்பல் விழுந்த பிள்ளைகள், யாரும் பேசலாம். எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் இருட்டும். தலைவன் என்று எவனும் கிடையாது, தேவையும் படவில்லை. ஒரு பன்றி யாருடையது என்கிற வழக்கு இழுத்துக்கொண்டே போனபோது, அடைவதா வேண்டாமா என்று தெரியாமல் கோழிகள் வாசலில் நின்றபடியே தூங்கியதாகச் சொல்வார்கள்.

தலைவன் இல்லாத கூட்டத்தை வெளியார் யாருக்கும் பிடிக்கவில்லை. யாரிடம் வரி கேட்பது, யாரை மிரட்டுவது என்று தெரியாமல் அவர்களுக்குக் கை ஓடவில்லை. புகை வரி அரசனின் பேரன், உங்களில் ஒருவனைத் தலைவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சரிகைத் தலைப்பாகையை அனுப்பிவைத்தான். ஊரார் பாறையில் கூடி, ஆளுக்கு ஒருநாள் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். வரி கேட்டு ஆள் வந்த அன்று ஒரு கைக்குழந்தையின் முறை. வந்தவன் குழந்தையை வணங்கி, வரி விஷயத்தை விளக்கமாக எடுத்துச் சொல்லி, அது கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். அரசர்கள் போய்க் கடல் தாண்டித் துரைகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர், தேன்பாறை யாருக்கு எவ்வளவு என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நாளில் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்து, இரவு பதினொரு மணிக்கு நல்ல வெயில் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அவருக்கு நீண்ட ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தது. அங்கே போய் அவர் சௌக்கியமாகவே இருந்ததாகக் கேள்வி.

துரைகளும் போனபின் சொந்த அரசாங்கம் வந்தது. அது நெடுங்காலம் மலைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மர வியாபாரி காட்டைக் குத்தகைக்குக் கேட்ட பிறகுதான் மேலே ஆட்கள் இருப்பது அதற்கு ஞாபகம் வந்தது. அரசாங்கம் நியாயமாகவே நடந்துகொண்டது. காடு இனத்தாருக்கே என்று எழுதிக் கொடுக்கத் தயார். ஆனால் ஓட்டுப் போட்டு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர் கையெழுத்தும் வயதுவந்த எல்லாருடைய கைநாட்டும் ஒரே பத்திரத்தில் ஒரே தேதியில் இருக்க வேண்டும், அதுவும் மழைக்காலம் முடிவதற்குள். தவறினால் காடு வியாபாரிக்கு. வியாபாரி அடிவாரத்தில் கொட்டகை போட்டு, ரம்பங்களுக்கு எண்ணெய் தடவத் தொடங்கியிருந்தார்.

தேர்தலில் நின்றவர்கள் இருவர். ஒருவன் அடிவாரத்துக் கூட்டுறவுக் கடையில் மலைத் தேனும் மெழுகும் எடை போடுகிறவன். ஊரில் அவனுக்குத் தராசு என்றே பெயர். சமவெளி மொழி தெரியும், வாய் நிறையச் சிரிப்பான், யார் எதைச் சொன்னாலும் "செஞ்சிடலாம்" என்பான். மற்றவர் மலைமுகட்டில் கயிறு கட்டி இறங்கித் தேனெடுக்கிற தேன்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அவர் தராசின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அந்த மனைவி ஊருக்கெல்லாம் கூரை வேய்கிறவள், கூரைக்காரி. அவள் வேய்ந்த கூரை ஒழுகியதாகச் சரித்திரம் இல்லை.

வாக்குப்பெட்டியோடு வந்த பெண் அதிகாரி பெரும்பான்மை என்றால் என்ன என்று விளக்கினார். அந்தச் சொல் மலைமொழியில் இல்லை. தராசு அதைக் கனமான தட்டு என்று மொழிபெயர்த்தான். தோற்பது என்பதற்கும் சொல் இல்லை. மரத்திலிருந்து விழுவதற்குத்தான் இருந்தது, அதைப் போட்டுச் சமாளித்தான். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது பரம ரகசியம், பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவேண்டியதில்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். வாக்கும் கேட்டான். தேன்காரரும் தன் பங்குக்கு வாசல் வாசலாகப் போய் நின்றார். என்ன கேட்க வந்தார் என்பதைப் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். எண்ணி முடித்தபோது சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தராசு ஜெயித்திருந்தான். ஒரு சீட்டு மட்டும் வெறுமையாக இருந்தது. அதிகாரி அதைச் செல்லாது என்று ஒதுக்கி வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கவேண்டும் என்று அவசரமாகப் புறப்பட்டார்.

தராசு மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தான். தெரு இருட்டிவிட்டது. வீட்டுக்குள்ளும் இருட்டு, அடுப்படியில் மட்டும் வெயில். அந்த வெயிலுக்கு நடுவே கூரைக்காரி சம்மணமிட்டு உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தாள்.

"விளக்கு எதுக்கு இவ்வளவு?"

"விளக்கே ஏத்தலையே."

அவன் அண்ணாந்து பார்த்தான். கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. வெயில் எங்கிருந்தும் வரவில்லை, அவள் மேல் இருந்தது, அவ்வளவுதான். அவனுக்கு மெல்ல உறைத்தது.

"நீ எனக்குப் போடலையா?"

"ரகசிய ஓட்டுன்னு நீதானே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தே."

"அண்ணனுக்குப் போட்டுட்டே."

"கயித்த மிதிக்காம அந்தப் பக்கம் போ."

இதே பேச்சு அந்த நேரத்தில் ஊரின் பல வீடுகளில் நடந்துகொண்டிருந்தது. ரகசியம் ஒரு சாயங்காலம்கூடத் தாங்கவில்லை. மாமனார் இருட்டில் இருந்தார், மருமகன் வெயிலில் இருந்தான். இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி குறட்டை விட்டாள், மற்றவள் முற்றத்தைப் பெருக்கினாள். தராசு அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தான். பாயில் அவன் பக்கமும் இருட்டு, அவள் பக்கமும் இருட்டு. அவள் தன் வெளிச்சத்தோடு வந்து படுக்கவில்லை. அவளுக்கு இன்னும் வேலை நேரம் முடியவில்லை.

மறுநாள் ஜெயித்தவர்களுக்குப் புதன்கிழமை வந்தது, பிறகு வியாழன் வந்தது. தோற்றவர்களுக்குச் செவ்வாய்க்கிழமையே நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் பசி அளவாகத்தான் எடுத்தது, தூக்கம் வரவில்லை, நகமும் முடியும் வளரவில்லை. வேலை முடியப் போகிற நேரத்து லேசான அலுப்பும், இதோ முடிந்துவிடும் என்கிற லேசான சந்தோஷமும் மட்டும் எப்போதும் இருந்தன. புதன்கிழமைக்காரர்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து அவர்கள் பக்கத்தில் உலர்த்திக்கொண்டார்கள். மழை தொடங்கியதும் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மழை பெய்யாத நாள். ஆகவே கூரைக்காரி அடைமழையில் தெருவில் நடந்துபோனால் மழை அவளைச் சுற்றிக்கொண்டு பெய்தது. அவள் கால் வைத்த இடத்தில் புழுதி பறந்தது. ஓய்வே இல்லாத நீண்ட பின்மதியத்தில் அவள் ஊரிலிருந்த எல்லா வீட்டுக்கும் புதுக்கூரை போட்டு முடித்தாள். தன் புருஷனுக்கு ஓட்டுப் போட்டவர்கள், போடாதவர்கள் என்று வித்தியாசம் பார்க்கவில்லை.

தமாஷாகத் தொடங்கிய விஷயம் போகப்போக உறுத்த ஆரம்பித்தது. தோற்றவர்களின் வயல்களில் ஒரு சொட்டு மழை விழவில்லை. விதை விதையாகவே கிடந்தது. தேன்காரரின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. நாள் கடந்தும் அவளுக்கு நாள் ஆகவில்லை. வயிற்றுப்பிள்ளை இன்றைக்கா நாளைக்கா என்று இருந்த இடத்திலேயே இருந்தது, ஏனென்றால் அதற்கு நாளை என்பது வரவில்லை. கூரைக்காரிக்குத் தேர்தல் அன்று காலையில் அரிவாள் பட்டுக் கட்டைவிரல் கிழிந்திருந்தது. அந்தக் காயம் ஆறவே இல்லை. தராசு தினமும் அதைப் பார்த்தான். முன்பெல்லாம் இருவரும் ஒரே வயதாகத் தெரிவார்கள். இப்போது தான் மட்டும் நாள் நாளாகத் தேய்ந்து முன்னால் போய்க்கொண்டிருப்பதாகவும், ஒருநாள் திரும்பிப் பார்க்கும்போது அவள் எட்டாத தூரத்தில் அதே செவ்வாய்க்கிழமையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருப்பாள் என்றும் அவனுக்குத் தோன்றியது. கடையில் ஒரே தேனை இரண்டுமுறை எடை போட்டான்.

மழைக்கால நடுவில் பெண் அதிகாரி பத்திரத்தோடு குடை பிடித்து மேலே வந்தார். புதன்கிழமைக்காரர்கள் வரிசையாகக் கைநாட்டு வைத்தார்கள். தோற்றவர்கள் வைத்தபோது மை பதியவில்லை. விரலை எவ்வளவு அழுத்தினாலும் தாள் வெள்ளையாகவே இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையில் அப்படி ஒரு பத்திரம் அச்சாகியிருக்கவே இல்லையே. அதிகாரி மையைக் குறை சொன்னார், பிறகு ஈரக்காற்றைக் குறை சொன்னார். கடைசியில் தராசைத் தனியே அழைத்து, "நீங்கதான் தலைவர். எல்லாரையும் ஒரே தேதிக்குக் கொண்டு வாங்க. மழை விட்டதும் வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடிவாரத்தில் ரம்பத்தைச் சோதித்துப் பார்க்கிற சத்தம் அன்று மேலேவரை கேட்டது.

தராசு வீட்டுக்கு வந்து கூரைக்காரியின் வெயிலில் உட்கார்ந்தான். அத்தனை வாரங்களில் அவன் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. என்னதான் வேண்டும் உனக்கு என்று கேட்டான். அவள் கயிற்றைத் திரித்தபடியே சொன்னாள்.

"என்னை அப்புறம் கேளு. மத்தவங்களை முதல்ல கேட்டுட்டு வா. நான் எங்க ஓடிப்போறேன்?"

"நீ ஒருத்தி சரின்னு சொன்னா மத்தவங்க தன்னால வருவாங்க."

"அது அவங்க சரின்னு சொன்னதா ஆகாது."

மறுநாள் தராசு கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கையில் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு வெயில் நின்ற வீடுகளுக்குப் போனான். ஓட்டுக் கேட்கப் போனபோது வாசலில் நின்றே பேசியிருந்தான். இந்தமுறை உள்ளே போய்ப் பாயை விரித்தான். முதல் வீட்டில் ஒருவர், தேர்தல் நாளில் நீ என் தம்பியிடம் சிரித்தாய், என்னிடம் சிரிக்கவில்லை என்றார். அடுத்த வீட்டில் தண்ணீர் எடுக்கும் வழி வழுக்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை என்றார்கள். ஒருத்தி, பாறையில் கூடினால் எனக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும், பெட்டிக்குள் சீட்டுப் போட்டால் நான் பேசியது எங்கே போயிற்று என்று கேட்டாள். தராசுக்கு வழக்கம்போலச் செஞ்சிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கடித்துக்கொண்டு கேட்டான். பாதி விஷயங்களுக்கு அவனிடம் பதில் இல்லை, இல்லை என்றே சொன்னான். ஆனாலும் பேசி முடித்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் பொழுது சாய்ந்தது. அவர்கள் கொட்டாவி விட்டபடி உள்ளே போய்ப் படுத்து, எழுந்தபோது ஊரோடு ஒரே கிழமையில் இருந்தார்கள்.

தேன்காரர் வீட்டுக்குப் போகத்தான் அவனுக்குக் கால் கூசியது. போட்டியிட்டவர், மூத்தவர், உள்ளே அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில். தேன்காரர் கயிற்றின் முறுக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நான் ஜெயிச்சது உனக்குக் கோவமா?"

"இல்ல."

வெகுநேரம் கழித்து அடுத்த வாக்கியம் வந்தது. "நான் பேசி முடிக்கல."

"எப்போ?"

"பாறையில. யார் தலைவர்னு பேச ஆரம்பிச்சோம். நான் ஆரம்பிச்சேன். பொட்டி வந்துடுச்சு."

"இப்பப் பேசு."

தேன்காரர் பேசினார். தராசுக்குக் காலையாகி உச்சியாகி மாலையாகிவிட்டது. எந்த மரத்தில் எந்தத் தேனீ எந்த மாதம் வரும், எதை வெட்டினால் எது வராது, முகட்டில் தொங்கும்போது கீழே தெரியும் காடு எப்படி இருக்கும், அதை வியாபாரி கேட்டால் என்ன சொல்லவேண்டும், அரசாங்கம் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்பதையெல்லாம் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். தராசு குறுக்கே பேசவில்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது அன்றைக்குத்தான். தேன்காரர் கடைசியில், "அவ்வளவுதான். நீயே இரு. எனக்கு அந்த அதிகாரி முன்னால பேச வராது" என்றார். கட்டிலைப் பார்த்துத் தராசு கேட்டதற்கு, நான் நினைத்ததும் அதுதான் என்றாள் அவர் மனைவி. அவர் மேலிருந்த வெயில் அணைந்தது, கட்டிலின் மேலிருந்த வெயிலும் கூடவே அணைந்தது. இருட்டில் அவர் மனைவி, "வலிக்குது, ஆள் கூப்பிடுங்க" என்று சொன்னாள். பெண் குழந்தை. காத்திருந்த காலத்துக்கும் சேர்த்து நல்ல எடை. தராசு கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எடையைச் சரியாகச் சொன்னான்.

மிஞ்சியது அவன் வீட்டு அடுப்படி ஒன்றுதான். ஊருக்குள் வெளிச்சம் தெரிந்த ஒரே இடம் அது என்பதால் பூச்சிகளெல்லாம் அங்கே மொய்த்தன. அவன் பாயை விரித்தான்.

"எல்லாரையும் கேட்டாச்சு. இப்பவாவது சொல்லு, அண்ணனுக்கு ஏன் போட்டே?"

"அண்ணனுக்குப் போடல."

"பின்னே?"

"அந்த வெத்துச் சீட்டு என்னோடது."

அவள் திரித்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

"ஊர் முழுக்க வாசல் வாசலா நின்னு கேட்டீங்க. தங்கச்சிதானேன்னு அவனும் என்கிட்ட வரல. பொண்டாட்டிதானேன்னு நீயும் வரல. என் கையிலயும் ஒரு சீட்டு இருந்துச்சு."

"நீ எனக்குத்தான் போடுவேன்னு..."

"அதேதான்."

தராசு தலையைக் குனிந்துகொண்டான். அவள் கட்டைவிரல் காயத்தில் அந்தக் காலையில் கசிந்த ரத்தம் இன்னும் உலராமல் மினுங்கியது. வெட்கமாகவும், அவளை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பதில் சந்தோஷமாகவும் இருந்தது.

"சரி. இப்பக் கேக்கறேன். நான் தலைவரா இருக்கலாமா?"

அவள் உடனே ஆமாம் என்பாள் என்று நினைத்தான். அவள் யோசித்தாள்.

"தெரியல. நீ எல்லாருக்கும் சரின்னு சொல்ற ஆளு. பத்திரம் கைக்கு வந்தப்புறம் அந்த வியாபாரி வந்து இனிக்க இனிக்கப் பேசினா அவனுக்கும் சரின்னுடுவே. அதான் பயம்."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவே."

அவனும் யோசித்துப் பார்த்தான். சொன்னாலும் சொல்லிவிடுவான் என்றே பட்டது. "சொல்லணும்னு தோணுச்சுன்னா, முதல்ல வீட்டுக்கு வந்து உன்கிட்ட சொல்றேன்."

"அப்படின்னா பாக்க..."

'பாக்கலாம்' என்று அவள் முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அத்தனை வாரத்துப் பின்மதியம் பாத்திரத்திலிருந்து தண்ணீரைக் கவிழ்த்ததுபோல ஒரேயடியாக வடிந்தது.

"விளக்கு எங்க?" என்றாள்.

"நீதானே வெப்பே."

"எனக்கு எதுக்கு விளக்கு வேண்டியிருந்துச்சு? நீ ஏத்தினதுதானே."

அவனுக்கும் ஞாபகம் இல்லை. இருவரும் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு தேடினார்கள், முட்டிக்கொண்டார்கள், சிரித்தார்கள். கடைசிவரை விளக்கு கிடைக்கவில்லை, பிறகு தேடவும் இல்லை.

மழை விட்டதும் அதிகாரி வந்தார். எல்லா விரலும் ஒரே தேதியில் பதிந்தன. மை இந்தமுறை நல்ல மை என்று அவர் திருப்திப்பட்டார். காடு இனத்தாருக்கு எழுதப்பட்டது. வியாபாரி ரம்பங்களைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு மலை பார்க்கப் போனார். போவதற்குமுன் தராசிடம் வந்து இனிக்க இனிக்கப் பேசினார் என்பது உண்மை. தராசு அவரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னான். கூரைக்காரி கூரைமேல் இருந்தபடியே சொன்ன பதிலை அவனால் அப்படியே போய்ச் சொல்ல முடியவில்லை, கொஞ்சம் நாகரிகமாக மொழிபெயர்த்துச் சொன்னான். வெயில் காத்திருந்தது ஒப்புதலுக்கா, அல்லது காது கொடுப்பதற்கா என்று ஊருக்குள் ஒரு விவாதம் எழுந்து பாறையில் கூடினார்கள். அதைப் பேசி முடிக்க இன்னொரு நீண்ட மாலை தேவைப்பட்டது.

இப்போதும் அங்கே முறையாகத் தேர்தல் நடக்கிறது. வருகிற அதிகாரிகளுக்கு விவரம் தெரியும் என்பதால் ஓட்டு எண்ணியபின் யாரும் அவசரப்படுவதில்லை. ஜெயித்தவர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளிச்சமான வீடுகளுக்குப் போவார். ஒன்றிரண்டு நாளில் ஊர் ஒரே கிழமைக்கு வந்துவிடும். போன தேர்தலிலிருந்து தையல்காரர் ஒருவருக்கு மட்டும் இன்றுவரை இருட்டவில்லை. மூன்று முறை போய் முழுவதும் கேட்டாயிற்று என்கிறார் தலைவர். கேட்கவே இல்லை என்கிறார் தையல்காரர். இருவரில் யார் சொல்வது சரி என்று சொல்லக்கூடியது சூரியன் ஒன்றுதான், அது பேசுவதில்லை. ஊரும் தையல்காரரை அவர் போக்கில் விட்டுவிட்டது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள், கல்யாணத் துணிகள் சொன்ன நாளுக்கு முன்பே தைத்து வந்துவிடுகின்றன. கண்ணை மூட வேண்டும் என்று தோன்றும்போது அவர் ஒரு துண்டை முகத்தில் போட்டுக்கொள்கிறார்.